படகுக்கு மட்டும் விட்ட வழி

தென்பெண்ணையில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் சில மாதங்கள்தான். அதற்காகவே நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கயாக் படகுகள் வாங்கினோம். நான் திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், மற்றவர்கள் விழுப்புரத்துக்காரர்கள். எங்களுக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியரைத் தலைவர் என்று கூப்பிடுவோம். படகு வந்துவிட்டது, ஆற்றில் இறங்கத்தான் வழியில்லை. மணலை அள்ளி அள்ளிக் கரை சுவர் மாதிரி நின்றது. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேல முள்.

கடைசியில் ஓர் ஊரின் காலனிக்குப் பின்னால் கொஞ்சம் தாழ்ந்த கரை கிடைத்தது. புறம்போக்கு நிலம், யாருக்கும் சொந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் முள் வெட்டினோம். எங்கள் வெட்டைப் பார்த்துச் சிரித்தபடி காலனியில் இருந்து ஒரு கொத்தனார் வந்தார். அடுத்த வாரம் அவருடன் பாதித் தெருவே வந்தது. கல் அடுக்கி, மண் கொட்டி, மட்டம் பார்த்து, ஒரு சரிவுப் பாதையே போட்டுவிட்டார்கள். கூலி பேச்சை எடுத்தபோது கொத்தனாருக்குக் கோபம் வந்தது.

"இன்னாம்மா நீங்க! தை அஞ்சுக்கு எங்க அம்மா இதுலதான் எறங்கப் போறா."

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. பக்கத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். ஊர்ச் சாமிக்கு ஊர்த்தெரு வழி உண்டு. காலனி மாரியம்மன் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அவளை டாடா ஏஸில் ஏற்றி, ஹைவே சுற்றி வேறு ஊர்க் கரைக்குக் கொண்டுபோவார்களாம். இந்த வருஷம் தோளில் தூக்கி வரப்போகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் படகெல்லாம் மறந்துபோய்விட்டது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் யாரோ முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் எங்களையும் கொத்தனாரையும் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு நாற்காலி. கொத்தனார் வாசலில் நின்றார். காபி வேறு கொடுத்தார்கள். அந்த மரியாதையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"படகு வுடுங்க சார், யாரு வேணாங்கறாங்க? படிச்சவங்க வந்து போனா ஊருக்குப் பேருதான்" என்றார் ஒருவர். "ஆனா அந்த வழியா சாமி எறங்கக் கூடாது. வழக்கம் இல்ல."

தலைவர் யோசிக்கவே இல்லை. "எங்களுக்குப் படகு எறங்கினா போதுங்க. மத்தது உங்க ஊர் விஷயம்" என்றார்.

நான் எழுந்து கத்தினேன். "யாரு போட்ட வழி சார் அது? நம்ம யாருக்காவது ஒழுங்கா ஒரு கல்லைத் தூக்கத் தெரியுமா? சாமி வராத வழியில நம்ம படகு மட்டும் எதுக்கு?" பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வேலையை எங்கள் தலைவர் பார்த்தார்.

வெளியே வந்து கொத்தனாரிடம், "போலீசுக்குப் போலாம்ணா, நான் வர்றேன்" என்றேன்.

"நீங்க வண்டி ஏறிப் போயிடுவீங்கம்மா. எங்க பொம்பளைங்க நாளைக்கு இவுங்க கொல்லையிலதான் மல்லாட்டைக்குக் களை எடுக்கணும். வுடுங்க."

தை ஐந்து அன்று நான் காலனிக்குப் போனேன். மாரியம்மனுக்கு மஞ்சள் புடவை கட்டி, பம்பை அடித்து, டாடா ஏஸில் ஏற்றினார்கள். கொத்தனார் பின்னால் தொற்றிக்கொண்டு அவள் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டார். வண்டி ஹைவே பக்கம் திரும்பியது. சரிவில் எங்கள் ஆட்கள் படகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அன்றோடு துடுப்பைத் தொடவில்லை.

பிறகு அங்கே ஓர் இரும்புக் கேட் போட்டு, 'படகுக்கு மட்டும்' என்று ஊர்க்காரர்கள் போர்டு வைத்தார்கள். சாவி ஒன்று ஊரில், ஒன்று தலைவரிடம். முன்பெல்லாம் முள் சந்தில் புகுந்து துணி துவைக்க இறங்கிய காலனிப் பெண்களுக்கும் அதோடு ஆறு போயிற்று. முள்ளாவது சந்து விட்டிருந்தது.

சமீபத்தில் மழை விட்ட ஒரு காலையில், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கொத்தனாரைப் பார்த்தேன். வற்புறுத்தி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஆத்துல தண்ணி எவ்ளோ ஓடுதும்மா?" என்று கேட்டார். வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஆற்றின் சத்தம் கேட்கும் மனிதர்.

"தெரியலண்ணா. நான் போறதில்ல."

"ஏம்மா?" என்றார், நிஜமாகவே புரியாமல். "ஒங்களுக்குத்தான் வழி வுட்டுக்கீறாங்களே."