வெயிலுக்கு அசையாத சொக்லேட்

கற்பிட்டியில் றஹ்மாவை ஏமாற்றும் கருவாடு இன்னும் பிறக்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது நாலு வயதுப் பிள்ளையாக உம்மாவின் இடுப்பில் மன்னாரிலிருந்து வந்தவள், பதினான்கு வயதில் கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்குப் போனாள். இருபத்தைந்து வருடமாகத் தரம் பிரிக்கிறாள். கருவாட்டில் வெள்ளை படிந்திருந்தால் விரலால் தேய்ப்பாள். உப்பென்றால் நறநறக்கும், பூஞ்சணமென்றால் வழுக்கும். சந்தேகம் தீராவிட்டால் வெயிலில் போடுவாள். நல்லது விறைக்கும், கெட்டது இளகும். அவள் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அந்த வாடியை விட்டுத் தொலைய வேண்டும் என்பதுதான் இப்போது அவளுடைய ஒரே ஆசை. உப்புப் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்துவிட்டது. பேரீச்சம்பழத்துக்குள் கஜுப் பருப்பு வைத்து, சொக்லேட்டில் தோய்த்துப் பெருநாளைக்கு அவள் செய்ததைக் கடலோர விடுதி ஒன்றில் சமையலுக்குப் பொறுப்பான கத்தரினா எப்படியோ கேள்விப்பட்டு, ருசி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். பிடித்துவிட்டால் கிழமைக்குக் கிழமை ஓடர். அதற்குச் சொக்லேட் மொத்தமாக வேண்டும்.

புருஷன் ஜவாஹிர் கொழும்புக்குப் போய் இரண்டு பை வாங்கி வந்தான். பெயருமில்லை, எழுத்துமில்லை. வெறும் பொலித்தீன் பை, உள்ளே கறுப்புக் கட்டிகள்.

“ஒண்டு அசல், மத்தது மேல பூசுற மலிவுச் சாமான் எண்டு கடக்காரன் சொன்னான்.”

“எது அசல்?”

“வார வழியில புத்தளம் வரைக்கும் ஞாபகம் இருந்திச்சு புள்ள.”

கேட்டுப் பார்க்கலாமென்றால் கடையின் பெயரும் அவனுக்கு மறந்துபோயிருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு கடித்துவிட்டு, “ரெண்டும் கசாயம்” என்று துப்பினான். றஹ்மாவோ றமழானில் விடுபட்ட நோன்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நாக்கில் வைக்க வழியில்லை. கத்தரினா பின்னேரம் நாலு மணிக்கு வருவாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லி நோன்பு திறக்க ஆறு மணி தாண்டிவிடும்.

ஒரு பையில் கட்டிகள் பளபளத்தன. மற்றதில் சாம்பல் பூசியதுபோல வெள்ளை படிந்திருந்தது. தேய்த்தாள். நறநறக்கவுமில்லை, வழுக்கவுமில்லை. மோந்தாள். தன் விரலின் கருவாட்டு வாசம்தான் வந்தது. இது என்ன சாமான் என்று தலை சுற்றியது. கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இரண்டிலும் ஒவ்வொரு கட்டியைத் தட்டில் வைத்து முற்றத்து வெயிலில் போட்டாள். கால் மணித்தியாலத்தில் வெள்ளை படிந்தது சேறாகிவிட்டது. பளபளத்தது அசையவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று மூச்சு விட்டாள். அந்தச் சேற்றைப் பழைய கோப்பையொன்றில் வழித்து மூலையில் தள்ளிவிட்டு, பளபளத்ததை உருக்கிப் பழங்களைத் தோய்த்தாள்.

நாலு மணிக்கு வந்த கத்தரினா ஒன்றை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

“அக்கா, பழம் நல்லா இருக்கு. ஆனா மேல பூசினது அசல் சொக்லேட் இல்ல. மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டுது. அசல் எண்டா வாயில வச்ச உடன கரையும்.”

றஹ்மா தட்டைப் பார்த்தாள். கரைவதா நல்லது? இளகியதையெல்லாம் இவ்வளவு காலமும் கழித்துக் கட்டியவள் அவள். கத்தரினாவின் வாகனம் போன பிறகும் வாசலிலேயே நின்றாள். வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாங்கு சொன்னது. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் எடுத்தவள், என்ன நினைத்தாளோ, அதை அந்தப் பழைய கோப்பையில் இன்னும் இளகிக் கிடந்த சேற்றில் தோய்த்து, பிஸ்மி சொல்லி வாயில் வைத்தாள். முதலில் கசந்தது. பிறகு மெல்லாமலே கரைந்து, லேசான புளிப்போடும் வாசத்தோடும் தொண்டைக்குள் இறங்கியது. அண்ணத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனை எடுத்தாள்.

“மிஸ், இன்னொரு பை இருக்கு. வாயில வச்சா கரையுது. ஆனா வெள்ள படிஞ்சிருக்கு.”

“அது சூட்டுல கொழுப்பு மேல வந்தது அக்கா, பூஞ்சணம் இல்ல. அதுல செஞ்சு வைங்க. நாளைக்கு வாறன்.”

“நாளைக்குப் பிடிக்க இருந்த நோன்ப நாளண்டைக்குத் தள்ளிப் போடுறன் மிஸ்,” என்றாள் றஹ்மா. “நாளைக்கு நான் திண்டு பாத்துட்டுத்தான் உங்களுக்குத் தருவன்.”