ஒற்றைக் காது நாயைக் கட்டிப்போடவும்

மலேசியாவில், மூவாரில் மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே எந்தக் கம்ப்யூட்டர் கெட்டாலும் என் தலைதான் உருளும். போலி ஆர்டர்கள் வந்து குவிந்ததில் முதலாளி ஒருநாள் கடுப்பாகி, சில நாடுகளின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து ஒரு மின்னஞ்சல்கூட உள்ளே வரக்கூடாது என்றார். அப்படியே செய்தேன். முகவரியில் என்ன பெயர் போட்டிருந்தாலும் எங்கள் வடிகட்டி நம்பாது. அனுப்பிய இயந்திரம் எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்க்கும். பட்டியலில் உள்ள நாடு என்றால் தனிப் பெட்டியில் தள்ளிவிடும். நல்ல வாடிக்கையாளர் யாராவது அதில் மாட்டியிருந்தால் எடுத்துவிட வேண்டுமே என்று தினமும் காலையில் நான் ஒருத்திதான் அதைத் திறந்து பார்ப்பேன்.

தம்பி எங்கள் தொழிற்சாலையில் லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் இதைப் பார்த்துக் கிண்டல் செய்வான். குப்பையைக்கூட விடாமல் படிக்கிற ஒரே ஆள் நான்தானாம். பிறகு பேங்காக்கில் வாடிக்கையாளர் சேவை வேலை என்று கிளம்பிப் போனான். வாரம் ஒருமுறை வீடியோவில் வருவான். பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர். நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, அம்மாவைப் பாத்துக்கோ. ஒவ்வொரு முறையும் அதே பேச்சு, அதே வரிசையில். எனக்குப் பிடிக்கவில்லை. வேலை அலுப்பாக இருக்கும் என்றார் அம்மா.

ஒருநாள் காலையில், கம்போடியாவிலிருந்து வந்து நின்றவற்றில், யாரோ நாற்காலி கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வழக்கமான புளுகு. கடைசி வரியில், லோரியைப் பின்கேட் வழியாக அனுப்பவும், ஒற்றைக் காது நாயைக் கட்டிப்போடவும் என்று இருந்தது.

எங்கள் தொழிற்சாலை நாய்க்கு ஒரு காதுதான். அந்த நாய் அப்போது என் ஜன்னலுக்குக் கீழேதான் படுத்துக்கிடந்தது. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். எங்கோ இருந்துகொண்டு எவனோ எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் வேறொரு பெயரில் வந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் வழுக்கும், ஆட்கள் கவனம். அதற்கடுத்து வந்ததில், சந்தேகம் இருந்தால் மாடியில் சீனியில்லாத தே ஓ குடிக்கும் அக்காவிடம் கேட்கவும் என்று இருந்தது. பாலும் சீனியும் இல்லாமல் தேநீர் குடிப்பது அந்த மாடியில் நான் மட்டும்தான். அத்தனை ஆங்கிலத்துக்கு நடுவில் அக்கா என்ற சொல் மட்டும் தமிழ்.

தம்பி பேங்காக்கில் இல்லை. ஆட்களை அடைத்துவைத்து ஊரை ஏமாற்ற எழுதவைக்கிறார்களே, அப்படி ஒரு கட்டடத்தில் கம்போடியாவில் இருக்கிறான். அங்கிருந்து எழுதினால் அது என்னிடம்தான் வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போலீஸில் போய்ச் சொன்னேன். இடம் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அடுத்த வீடியோவில் வேலையைப் பற்றிக் குறை சொல்வதுபோல் பேச்சை எடுத்தேன்.

"கம்போடியாவுலேருந்து வர்றதெல்லாம் என்கிட்டதான் நிக்குது. காலையிலயே எல்லாத்தையும் படிச்சிடுறேன்."

அவன் கண் திரைக்கு வெளியே யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பியது.

"நிறுத்தாம படி, அக்கா."

அதன் பிறகு வந்த ஆர்டர்களில் சாமான் இறக்கவேண்டிய இடம் விவரமாக இருந்தது. ஜன்னலில் தெரியும் பாலம், எதிரே உள்ள விளம்பரப் பலகை, கூரையின் நிறம். ஒவ்வொன்றையும் போலீஸுக்குக் கொண்டுபோனேன். கட்டடத்தைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்ன அதிகாரியின் காலில் விழாத குறைதான்.

அந்த வாரம் பெட்டியில் ஒன்றும் இல்லை. வீடியோவும் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, ஒரு கஸ்டமர் நம்ம நாயப் பத்தி எழுதியிருக்காரு. இங்க வேல செஞ்சவரா நீங்க, நாய் எப்படித் தெரியும்னு கேட்டு பதில் போட்டுட்டேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மியன்மாரிலிருந்து வந்திருந்தது. அவனை இடம் மாற்றிவிட்டார்கள். அந்த நாடு பட்டியலில் இல்லை, நேராக அவளிடம் போய்விட்டது. அவளை அறையவேண்டும் போல் இருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்? எந்த வாடிக்கையாளருக்கும் அன்றைக்கே பதில் போடவேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். அவளுடைய கேள்வியை அங்கே தம்பியோடு அவனை அடைத்துவைத்தவர்களும் படித்திருப்பார்கள்.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. வெள்ளைச் சுவரும் வரவில்லை.

இப்போது எல்லா நாட்டையும் பட்டியலில் போட்டுவிட்டேன், மலேசியா உட்பட. எது வந்தாலும் முதலில் என்னிடம் நிற்கும். நான் படித்துவிட்டுத்தான் விடுவேன். பதில் தாமதமாகிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள், முதலாளி திட்டுகிறார். திட்டட்டும். பின்கேட்டில் லோரிச் சத்தம் கேட்டால் நானே இறங்கிப்போய் நாயைக் கட்டிப்போடுகிறேன்.