காற்று மேலேதான் நிற்கும்

காலை ஏழு ஐந்து. அன்று நான் முதலில் உற்றுப் பார்த்தது ஒரு பழைய சோடா பாட்டிலை. வேனின் முன்சக்கரத்திலிருந்து சின்ன ரப்பர் குழாய் வழியாகப் பிரேக் ஆயில் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. ஆயிலில் குமிழ் வராவிட்டால் பிரேக்கில் காற்று இல்லை என்று பொருள். ஆனால் மிதியை அழுத்தினால் பஞ்சை மிதிப்பதுபோல் அடிவரை போனது. உள்ளே காற்று இருந்தால்தான் அப்படிப் போகும்.

2005ஆம் ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தன. வெம்பக்கோட்டைக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பதினோரு பெண்களை என் பழைய வேனில் தினமும் கொண்டுபோய் விடுவேன். எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். முந்தின நாள் இதே பிரேக்கால் கால் மணி நேரம் தாமதம். "சீசன் நேரம். இன்னொருவாட்டி லேட்டாச்சுன்னா வேற வேன் பாத்துக்கிடுவோம்" என்று போர்மேன் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரம் இரண்டின் பிரேக்கையும் நானே கழற்றி, புது ரப்பர் போட்டு மாட்டியிருந்தேன். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவன் மெக்கானிக்கிடம் போவானேன் என்ற எண்ணம். அதற்குப் பிறகு நான்கு தடவை காற்று எடுத்தும் மிதி இறுகவில்லை.

ஏழரைக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"வேனுக்குக் காத்து புடிச்சிருச்சாடி! வேப்பிலை ஒடிச்சிட்டு வரவாண்ணே?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

மிதியைத் தொடர்ந்து மூன்று தடவை அழுத்தினால் பிரேக் ஓரளவு பிடித்தது. மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். "ஏறுங்க, போயிருவோம்" என்றேன். பத்துப் பேர் ஏறினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் மட்டும் ஏறவில்லை. முன்சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுக்குக் கிணறும் கொஞ்சம் நிலமும் உண்டு.

"காத்து எடுக்கிற திருகாணி எதுண்ணே?"

அடியில் இருந்ததைக் காட்டினேன்.

"எங்க கெணத்து மோட்டாருல காத்து அடச்சா மேல இருக்க திருகாணியத்தான தொறப்போம்? காத்து மேலதான நிக்கும்? நீங்க என்னன்னா அடியில தொறக்கீக."

"இது மோட்டார் இல்லம்மா, வேனு."

"ஏட்டி, அவரு இருவது வருசமா ஓட்டுதாரு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"அதான் நாலுவாட்டி எடுத்தும் போகல" என்றாள் இவள்.

மறுபக்கச் சக்கரத்தையும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் திருகாணி அடியில். அப்போதுதான் புரிந்தது. இடது பக்கப் பிரேக்கை வலதிலும் வலது பக்கப் பிரேக்கை இடதிலும் மாட்டியிருக்கிறேன். செருப்பு ஜோடிபோல இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். மாற்றி மாட்டினால் மேலே இருக்க வேண்டிய திருகாணி கீழே போய்விடும். கீழே ஆயில் மட்டும் வெளியே வரும். காற்று மேலே அப்படியே நிற்கும்.

பெண்களை இறங்கச் சொன்னேன். இடம் மாற்றி மாட்ட நேரமில்லை. சக்கரத்தை எடுத்து, பிரேக்கை மட்டும் கழற்றி, மிதிக்கும்போது உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே வந்துவிடாமல் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, திருகாணி மேலே வரும்படி கையில் தூக்கிப் பிடித்தேன். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல மிதித்தாள். திருகாணியைத் தளர்த்தியதும் பாட்டிலில் கொப்புளம் கொப்புளமாகக் குமிழ் வந்தது. இரண்டு பக்கமும் முடித்து மாட்டி மிதித்தேன். பாதி தூரத்திலேயே கல்போல் நின்றது. தெருவுக்குள் இரண்டு தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவர்களை ஏற்றினேன்.

கேட்டை அடைந்தபோது எட்டு நாற்பது. மூடியிருந்தது. போர்மேன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மணி என்ன?"

 அந்தப் பெண்தான் முன்னால் போய் நின்றாள்.

"எட்டு நாப்பதுண்ணே. பதினோரு பேரும் முழுசா வந்திருக்கோம். எண்ணிக்கிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். முழங்கை வரை பிரேக் ஆயில். கேட்டைத் திறந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரேக் இரண்டையும் அதனதன் இடத்தில் மாட்டினேன். ஒரு வேலையை நான்கு தடவை ஒரே மாதிரி செய்தும் சரிவரவில்லை என்றால், ஐந்தாவது தடவை செய்வதற்கு முன் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

அந்தக் கம்பெனிக்கு அதன் பிறகு ஆறு வருடம் வேன் ஓட்டினேன்.