குணம் அக்காவின் கொட்டிலில் நின்ற கார்

அந்தக் கார் வந்திறங்கிய அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. நிலத்தோடு நிலமாகப் பதுங்கிக்கொண்டு, பின்பக்கம் சிறகு மாதிரி ஒரு செட்டை வேறு. ஜப்பான்காரன் ஓட்டப்போட்டிக்கென்று செய்த சாமானாம். உடுப்பிட்டியின் இந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் யாரோடு போட்டி என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கனடாவிலிருந்து சீவரத்தினம் அண்ணை கொழும்பில் ஆள் வைத்து வாங்கி அனுப்பியது என்றதும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு அதைக் கையால் தடவிப் பார்த்தார்கள். அதைக் கொண்டுவந்து நிறுத்திய இடம்தான் என் வயிற்றெரிச்சல். அவருடைய தங்கை குணலட்சுமி அக்கா வகுப்பு நடத்துகிற கொட்டில் அது.

குணம் அக்கா எனக்கு அடுத்த வளவு. ஐம்பதைத் தாண்டிவிட்டார். தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தது அவர்தான். கலியாணம் ஏன் சரிவரவில்லை என்று ஊரே ஆராய்ந்து களைத்துவிட்டது, நான் வேறு ஆராயத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் நிரந்தர நியமனம் கிடைக்காமல் போன பிறகு வளவுக்குள் தகரம் போட்டு, பிள்ளைகள் இருக்க வாங்குகள் அடித்து, கரும்பலகை மாட்டி, சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். என் மகள் தாரிகாவும் அங்கேதான் படிக்கிறாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றிவிட்டு, "அது அடங்குமட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஆடுற தண்ணியை அளந்தால் பிழைதான் வரும்" என்று அதட்டுவார். பிள்ளைகளுக்குப் பயமும் உண்டு, விருப்பமும் உண்டு. அந்தக் கொட்டிலைத் தவிர அவருக்கென்று வாழ்க்கையில் வேறொன்றும் அமையவில்லை.

"வேறை எங்கை குணம் விடுறது? நீதானே அங்கை இருக்கிறாய்" என்றார் அண்ணை தொலைபேசியில். போனவர்கள் இருப்பவர்களுக்குச் சொல்வது எப்போதும் இதுதான். காணிக்கு வேலி அடைக்க, கோயிலில் அர்ச்சனை செய்ய, செத்த வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் நீதானே அங்கை இருக்கிறாய். இருக்கிறவளுக்கும் ஒரு வேலை இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

"அண்ணை, பிள்ளையள் எங்கை இருந்து படிக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

"விறாந்தை கிடக்குத்தானே. றொகான்ரை கலியாணம் முடியுமட்டும்தான். அதுக்கிடையிலை நான் கட்டுற வீடும் முடிஞ்சிடும். பேந்து கார் அங்கை போயிடும்."

றொகான் அவருடைய மகன். ஒழுங்கை முடிவில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு அப்போது சுவர் மட்டத்தில் நின்றது. கலியாணமோ நிச்சயமாகக்கூட இல்லை. அக்கா ஓம் என்றுவிட்டார்.

விறாந்தையில் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் இடம். மற்றவர்கள் வேப்பமரத்துக்குக் கீழே. மாரி தொடங்கினால் வகுப்பே இல்லை. மழை பெய்கிற நாட்களில் கொட்டிலுக்குள் கார் மட்டும் நனையாமல் நிற்க, அக்கா விறாந்தைத் தூணைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒன்றிரண்டாகப் பிள்ளைகள் நெல்லியடியில் பெரிய வகுப்புகளுக்கு மாறினார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. நானே தாரிகாவை மாற்றுவதா என்று யோசித்தேன்.

இடத்தைப் பிடித்தது போதாதென்று காருக்கு வேலைக்காரியும் தேவைப்பட்டது. சனிக்கிழமை பின்னேரம் ஆனால் அண்ணை வீடியோவில் வந்துவிடுவார். அவர் அங்கே காலை வேலைக்குக் கிளம்புகிற நேரம். ஒரு கையில் கோப்பி, மறு கையில் சப்பாத்து. அக்கா காரை ஸ்ரார்ட் பண்ணி, கொஞ்சம் உறுமவிட்டு, நிற்பாட்டி, பொனற்றைத் திறந்து, ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்பச் செருகி இழுத்து, தொலைபேசிக்கு முன்னால் பிடிக்க வேண்டும். கம்பியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒயில் நிற்க வேண்டும்.

"குறைஞ்சு போச்சு. ஊத்து" என்பார் அண்ணை.

"இப்பதானே அண்ணை நிப்பாட்டினது. ஒயில் எல்லாம் எஞ்சினிலை மேலை நிக்கும். கொஞ்சம் பொறுத்து இறங்கின பிறகு பாப்பம்."

"எனக்கு அங்கை நிண்டு பாக்க நேரமில்லை. உது டேர்போ வைச்ச கார். ஒயில் குடிக்கிற சாதி. குறைய விட்டியோ, டேர்போ போயிடும். ஊத்து."

அக்கா ஊற்றுவார். கொழும்பிலிருந்து கான் கான்களாக ஒயில் வந்து விறாந்தையில் அடுக்கிக் கிடந்தது. பிள்ளைகள் அதற்கு மேலே கொப்பி வைத்து எழுதினார்கள்.

அக்கா விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். காரோடு வந்த புத்தகத்தை எடுத்து வாசித்தார். சம நிலத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடேறிய பிறகு நிற்பாட்டி, சில நிமிசம் விட்டு அளவு பார்க்க வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை அண்ணை போனை வைத்த பிறகு அப்படியே பொறுத்திருந்து கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. படம் எடுத்து அனுப்பினார்.

"நீ ஒழுங்காத் துடைக்கேல்லை" என்று பதில் வந்தது.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "அவர் போனுக்குள்ளாலை பாத்து அங்கை இருந்து சொல்லுறார், நீங்கள் கண்ணாலை பாத்தும் ஊத்துறியள். ஊத்தாமல் விடுங்கோவன் அக்கா" என்றேன்.

"எப்பிடி விடுறது? ஊத்தி முடியுமட்டும் போனைப் பிடிச்சுக் காட்டச் சொல்லுறார்."

"மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் கோவிப்பார். கோவிச்சால் கார் உங்கையே நிக்கட்டும் எண்டிடுவார். கலியாணம் முடியுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தால் கொட்டில் எனக்கு வந்திடும்."

சில கிழமை மட்டம் சரியாக நிற்கும், அண்ணை பேசாமல் போய்விடுவார். அவர் அவசரப்பட்ட கிழமைகளில் ஒயில் இறங்க முதலே இழுத்துக் காட்டச் சொல்வார், குறைவாகக் காட்டும், உடனே ஊற்று. கூட்டச் சொல்ல ஆள் இருந்தது, குறைக்கச் சொல்ல ஒருவருமில்லை.

பொறுக்க முடியாமல் அக்கா நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கிற எமில்ராஜைக் கூட்டிவந்தார். அவன் கம்பியைப் பார்த்துவிட்டு, "கூடத்தான் அக்கா நிக்குது. கீழ் நட்டைக் கழட்டிக் கொஞ்சம் இறக்கினால் சரி" என்றான்.

"அப்ப இறக்கு தம்பி."

"அண்ணை சொல்லட்டும், இறக்கிறன். வெளிநாட்டுக்காரற்றை வாகனத்திலை ஒருக்கால் கை வைச்சுப் பட்டது போதும். பேந்து என்ன பழுது வந்தாலும் நான்தான் செய்தனான் எண்டுவினம்."

அவன் போய்விட்டான். தன் வளவில், தன் கொட்டிலில் நிற்கிற வாகனத்தில் ஒரு நட்டைக் கழற்ற அக்காவின் சொல் போதவில்லை. அன்று அவர் வகுப்பில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் ஏசினார் என்று தாரிகா வந்து சொன்னாள்.

ஒருவழியாக வீடும் முடிந்தது, றொகானுக்கு அளவெட்டியில் பெண்ணும் சரிவந்தது. அண்ணை குடும்பத்தோடு வந்திறங்கிப் புது வீட்டில் தங்கினார். தரைக்குப் பளிங்குபோல் ரைல்ஸ், பெரிய ஹோல், முன்னுக்குக் கார் விடப் போட்டிக்கோ. குணம் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டைப் பார்த்தல்ல, அந்தப் போட்டிக்கோவைப் பார்த்து.

கலியாணத்தன்று காலை காரைப் பூவால் சோடித்து ஒழுங்கையில் விட்டிருந்தார்கள். அக்கா பட்டுச் சேலையோடு அண்ணையிடம் போனார்.

"அண்ணை, ஒயில் கூடிப்போய் நிக்குது. எமில்ராஜைக் கூப்பிட்டுக் கொஞ்சம் இறக்கிப்போட்டு எடுங்கோ. தூரம் ஓடப்போறியள்."

அண்ணை சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் காரை ஒழுங்கைக்கு எடுத்து வந்து நிறுத்தியிருந்தார். அந்தச் சூட்டோடு, ஒயில் இறங்க முதலே, பொனற்றைத் திறந்து கம்பியை இழுத்து எல்லாருக்கும் காட்டினார். ஒயில் மேல் கோட்டில் அச்சொட்டாக நின்றது.

"பார். அளவாத்தானே நிக்குது. ரண்டு வருசமா நான் சொல்லிச் சொல்லி ஊத்துவிச்சது. நீ போய் வானுக்குள்ளை ஏறு."

நானும் உறவுக்காரரை ஏற்றிய அந்த வான் வண்டியில்தான் இருந்தேன். மாப்பிள்ளை கார் முன்னால் போக, நாங்கள் பின்னால். அச்சுவேலி தாண்டி நல்ல றோட்டு வந்ததும் காரை ஓட்டிய அண்ணைக்குக் காலில் ஆசை வந்துவிட்டது. கார் சீறிக்கொண்டு போனது. கொஞ்சத் தூரத்தில் எங்களுக்கு முன்னால் றோட்டையே காணவில்லை. நீலமும் வெள்ளையுமாகப் புகை. வான்காரன் பிறேக் அடித்தான். புகை கலைந்தபோது பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக றொகான் இருமிக்கொண்டு வேலியோரம் நின்றான். சைலன்சரால் ஒயில் வழிந்தது.

மாப்பிள்ளையை வானில் ஏற்றி நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம், அது வேறு. ஆனால் அந்த றோட்டோரத்தில் பெரியவர் ஒருவர், "பொம்பிளையளிட்டை வாகனத்தைப் பாக்க விட்டால் உப்பிடித்தான்" என்றார். அண்ணை காதில் அது விழுந்தது. பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு ஊத்தினனீ?" என்று கேட்டார்.

"நீங்கள் சொன்ன அளவு."

"கண்ணை வைச்சுப் பாக்கத் தெரியாதே உனக்கு?"

நல்ல காரியத்துக்குப் போகிற வழி என்பதால் அக்கா திரும்பிப் போய் வானில் ஏறிக்கொண்டார்.

உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக் காரைத் திரும்பவும் கொட்டிலுக்கே கொண்டுவந்தார்கள். இந்தமுறை அண்ணையே சொல்ல, எமில்ராஜ் வந்து நட்டைக் கழற்றினான். வந்த ஒயிலைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"கூடினதாலை உள்ளுக்கை அடிபட்டு நுரைச்சிருக்கு. நுரை போய் டேர்போவைக் காக்குமே? டேர்போ போயிட்டுது அண்ணை. எஞ்சினையும் திறந்து பாக்கவேணும்."

"மாத்துறதுக்குப் பாட்ஸ் இஞ்சை எடுக்கேலாது. அடுத்தமுறை வரேக்கை கொண்டாறன்" என்றார் அண்ணை.

அக்கா பதறிப்போனார். "அப்ப நீங்கள் வருமட்டும் கார்?"

"நிக்கட்டும்."

"புது வீட்டுப் போட்டிக்கோவிலை விடுங்கோவன் அண்ணை. தள்ளிக்கொண்டு போகலாம். கலியாணம் முடிய எடுக்கிறன் எண்டு சொன்னனீங்கள்."

"கீழாலை ஒயில் ஒழுகுது, காணேல்லையே? புது ரைல்ஸ் கறை பிடிச்சிடும். உன்ரை கொட்டில் மண் நிலம்தானே."

அக்காவிடம் இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுதது எனக்குக் கேட்டது.

அண்ணை குடும்பம் விமானம் ஏறப் போகிற அன்று புது வீட்டைப் பூட்டித் திறப்பை அக்காவின் கையில் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒருக்கால் திறந்து கூட்டிவிடச் சொன்னார்கள். நீதானே அங்கை இருக்கிறாய்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. வகுப்பு இராது என்று நான் தாரிகாவை மறிக்க, அவள் குடையை எடுத்துக்கொண்டு, "இல்லையம்மா, ரீச்சர் அந்தப் புது வீட்டுக்கு வரச் சொன்னவ" என்றாள். நம்பாமல் நானும் கூடப் போனேன். ஹோலுக்குள் கரும்பலகை சுவரோடு சாத்தியிருந்தது. பிள்ளைகள் ரைல்ஸில் சப்பணம் கட்டி இருந்தார்கள். நெல்லியடிக்குப் போனவர்களில் சிலரும் வந்திருந்தார்கள். நனைந்த செருப்புகள் போட்டிக்கோ முழுக்க.

அண்ணையின் வீடியோ அழைப்பு வழக்கமான நேரத்துக்கு வந்தது. அக்கா தொலைபேசியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார்.

"உது எங்கடை ஹோல் எல்லே?"

"ஓம் அண்ணை. கொட்டிலிலை கார் நிக்குது, பிள்ளையளுக்குச் சோதினை வருது. கார் அங்கை நிக்குமட்டும் வகுப்பு இஞ்சை."

"என்னட்டைக் கேட்டனீயே?"

"நீங்கள் கார் விடேக்கை என்னட்டைக் கேட்டனீங்களே?"

அக்கா தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினார். "வகுப்பு நடக்குது. பேந்து எடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை நிற்பாட்டினார்.

அடுத்த கிழமையே எமில்ராஜ் இழுவை லொறியோடு வந்து நின்றான். அண்ணை அவனோடு நேரே கதைத்துவிட்டாராம். பாட்ஸ் விமானத்தில் வருகிறதாம், அதுவரை கார் கராஜில் நிற்கட்டுமாம். ஒழுங்கைச் சனமெல்லாம் பார்க்க, செட்டை முதலில் போக, கார் பின்பக்கமாகக் கொட்டிலை விட்டு வெளியேறியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"அண்ணையை வெண்டிட்டியள் அக்கா" என்றேன்.

அவர் மண்வெட்டியால் ஒயில் ஊறிய மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"என்னத்தை வெண்டனான்? ரண்டு வருசம் பொறுத்து வாய் விட்டுக் கேட்டனான், எடுக்கேல்லை. அவற்றை ரைல்ஸ் கேக்கவே இல்லை, அதுக்காக எடுத்திட்டார்."

பிறகு நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். இருட்ட முதல் வாங்குகளைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டோம்.