மூச்சு உடைகிற இடம்

முதலில் காட்டிக்கொடுத்தது செருப்புதான். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்த என் மகள் கயல்விழியின் ஒரு காலில் மட்டுமே செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இப்படிக் கேட்டுக்கொண்டே நடந்தால் காலே கழன்றாலும் தெரியாது என்று திட்டினேன். 

மறுநாள் கால்விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மாலைக்குள் எறும்பு முழங்காலுக்கு ஏறியது. அதற்கடுத்த நாள் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. சில வாரம் முன்பு வந்துபோன வயிற்றுப்போக்கை, டாக்டர் கேட்கும்வரை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நரம்புக் கடத்தல் பரிசோதனை (லேசான மின்சாரம் கொடுத்து நரம்பின் வேகத்தைப் பார்ப்பது) செய்தார்கள். முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்த்தார்கள். கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ரத்தக்குழாய் வழியாக ஏற ஆரம்பித்தது. பெரும்பாலானவர்கள் மறுபடி நடந்துவிடுவார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். பயம் காலைப் பற்றியதல்ல. பலவீனம் மார்புக்கு ஏறினால் மூச்சுக்கருவி வைக்க வேண்டியிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு எளிய வழி வைத்திருந்தார்கள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். முதல் நாள் முப்பதைத் தாண்டியவள், அடுத்த நாள் இருபதில் நின்றாள். நான் கணக்கு டீச்சர். எண்களைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

கயல் கேட்டது ஒன்றே ஒன்று, பாட்டு. வெளிநாட்டு ராக் பாடகர் ஒருவர் திறந்தவெளி மைதானத்தில் பாடிய கச்சேரியின் பதிவு. அவர் பெயரை நான் எழுதினால் கயல் திருத்துவாள், அதனால் விட்டுவிடுகிறேன். அவளால் போனைப் பிடிக்க முடியாததால் இயர்போனில் ஒன்றை அவள் காதில் வைத்துவிட்டு, மற்றதை என் காதில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் சிமென்ட் லாரி மேட்டில் கியர் மாற்றும்போது வருகிற சத்தத்துக்கு அங்கே கிடார் என்று பெயர். கூட்டம் ஓயாமல் கத்தியது. இவர்களுக்கும் ஒரு வார்டு தேவைப்படும் என்று நினைத்தேன்.

கடைசிப் பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். மேளமெல்லாம் அடங்கி, பாடகர் தனியாக ஒரு சுரத்தை இழுக்கிறார். இழுத்துக்கொண்டே போகிறார். பாதியில் குரல் உடைகிறது. சிரித்துவிடுகிறார். மைக்கிலேயே ஒரு பெரிய மூச்சு இழுப்பது கேட்கிறது. அதற்குள் கூட்டம் அந்தச் சுரத்தை வாங்கிப் பாடி முடிக்கிறது.

இதை ஏன் வெட்டி எடுக்காமல் வெளியிட்டார்கள் என்று கேட்டேன்.

"அதுக்காகத்தாம்மா இதையே கேக்கறேன். ஸ்டுடியோவுல பாடுனதுல அவரு மூச்சே வுடமாட்டாரு."

அதன்பிறகு எனக்கு அந்தப் பதிவில் மூச்சு மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எவ்வளவு இழுக்கிறார், எங்கே திருட்டுத்தனமாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. மனிதர் சிகரெட் பிடிப்பவர் என்றும் முடிவுகட்டினேன்.

எறையூரிலிருந்து என் தம்பி வந்தான். கரும்புக் காட்டுக்காரன். இருபது என்றால் கம்மியா ஜாஸ்தியா என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. அதனால் வராந்தாவில் நாங்களே எண்ணிப் பார்க்க ஆரம்பித்தோம். நான் முப்பதை எட்டவில்லை. காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய தம்பி நாற்பதைத் தாண்டினான். லாரி உதிரிபாகக் கடை நடத்தும் என் கணவர் மைத்துனனிடம் தோற்பதாக இல்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கி, சுவரைப் பிடித்து, காலியாக நின்ற சக்கர நாற்காலியில் சரிந்தார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார்.

"இதுல யாருங்க பேஷன்ட்?"

"உள்ள இருக்குதுங்க பாப்பா. இவரு எங்க மாமா, சும்மா போட்டி" என்றான் தம்பி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கயலின் எண்ணிக்கையை வேறு யாருடையதோடும் ஒப்பிடக் கூடாது, அவளுடைய நேற்றைய எண்ணிக்கையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்றார். வார்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் எங்கள் வீட்டு ஆண்களை மறந்துவிட்டு இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அவள் பன்னிரண்டில் நின்றாள். இன்னும் இறங்கினால் காத்திருக்க முடியாது என்றார்கள். காலையில் டாக்டரம்மா வந்தபோது மூச்சுக்கருவி கட்டிலருகில் தயாராக இருந்தது. கயல் அதைப் பார்த்துவிட்டாள். எண்ண மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை எழவில்லை.

காதைத் துடைத்துவிட்டு, கடைசிப் பாட்டை வைத்தேன். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனாலும் பொறுத்தார். சுரம் எழுந்தது, நீண்டது, உடைந்தது. பாடகர் சிரித்தார். கயலின் உதட்டோரமும் லேசாக அசைந்தது.

"அவரே பாதியில வுட்டுட்டாரு. நா வுட்டா என்னவாம்" என்றாள். பிறகு எண்ணினாள்.

பன்னிரண்டு.

"எறங்கல" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கு அது போதும்." சாயங்காலம் பதினான்கு வந்தது. தம்பி கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் செய்தான்.

பாட்டு குணமாக்கியது என்று எழுத மாட்டேன். குணமாக்கியது மருந்தும், பின்னால் மாதக்கணக்கில் நடந்த இயன்முறைப் பயிற்சியும்தான். பாட்டு அவளை எண்ண வைத்தது, அவ்வளவே. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். களைத்தால் வலது கால் தரையில் கொஞ்சம் தேய்கிறது. செருப்புக்குப் பின்பட்டை வைத்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் வரும் சத்தம் கேட்டால் இரண்டு செருப்பின் ஓசையும் சேர்கிறதா என்றுதான் என் காது முதலில் பார்க்கிறது. பேசுகிறவர்கள் வாக்கியத்தின் நடுவில் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளை இடையில் நிறுத்தி மூச்சு வாங்கச் சொல்கிறேன்.

போன ஞாயிறு அவள் அறையில் அந்தக் கச்சேரியைச் சத்தமாக வைத்திருந்தாள். நான் அடுப்பில் பாலோடு நின்றேன். கடைசிப் பாட்டு வந்தது. அவர் இழுக்க ஆரம்பித்ததும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உடைந்தது. கூட்டம் பாடியது. பாட்டே முடிந்துவிட்டது.

அறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, அவரு எப்பவோ வுட்டுட்டாரு. நீயும் வுடும்மா."

விட்டேன். பால் பொங்கி அடுப்பே அணைந்திருந்தது.