தெல்மா அறுத்த கோழி இறக்கைகள்

தெல்மா கார்சைடுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. முப்பத்தொரு வருடமாக அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் பேருக்குத்தான் சுவர். அவள் தும்மினால் நான் என் கட்டிலில் இருந்தபடியே ஆசி சொல்லிவிடலாம். தேநீர் போடுவாள், குடிக்க மறந்துவிடுவாள். டி.வி. போடுவாள், கதவருகில் நின்றுகொண்டே பார்ப்பாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிறுத்துப் பலகை பிடித்துக் குழந்தைகளைச் சாலை தாண்ட வைக்கும் வேலை அவளுக்கு. குழந்தைகளைவிட அவள்தான் அந்தச் சாலையை அதிகம் தாண்டுகிறாள் என்று நான் சொன்னால் கோபம் வரும்.

பிப்ரவரியில் அவள் மகன் ஜாஸ் ஐந்து மாதத்துக்கு உள்ளே போனான். உள்ளே என்றால் சிறை. ஓட்டக் கூடாது என்று தடை போட்ட பிறகும் வண்டி ஓட்டி, யாருடைய தோட்டச் சுவரையோ இடித்துவிட்டு நிற்காமல் போனதற்காக. இது இரண்டாவது தடவை. ஸ்காட்லாந்தில் காற்றாலை மாட்டும் வேலைக்குப் போயிருக்கிறான் என்று தெல்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். தெருவும் பெரிய மனசு பண்ணி நம்புவதுபோல் நடித்தது.

அவன் விட்டுப்போனது இரண்டு ஃபெரட்டுகளை. கீரிப்பிள்ளை நீளம், கட்டைக் கால், திருட்டு முழி. சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் அவற்றின் கூண்டு. மேஜர் என்ற வெள்ளைக் கிழவன் எதைப் போட்டாலும் தின்பான். பிப்பா அப்படியில்லை. ஜாஸ் அவளை எட்டு வாரக் குட்டியிலிருந்து பச்சைக் கறியில் வளர்த்தவன். போவதற்கு முன் ஒரு தாள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தான்: திங்கள், வியாழன் எலும்போடு கோழி இறக்கை. செவ்வாய், சனி ரோமத்தோடு முயல் துண்டு. புதன் ஈரலும் இதயமும். வெள்ளி கோழிக் குஞ்சு. ஞாயிறு ஒரு பச்சை முட்டை, ஒன்றே ஒன்று. அடியில் மூன்று கோடு போட்டு: வெந்த எலும்பு மட்டும் கூடவே கூடாது, ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். தெல்மா பதினொரு வருடம் கோழித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இறக்கைப் பிரிவு. வரிசையாக வந்துகொண்டேயிருக்கும், அறுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் கத்தியைக் கீழே வைத்தாள், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து இருபது வருடமாக இறைச்சியைத் தொட்டதில்லை. கசாப்புக் கடை வந்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் இடுக்கியால் ஓர் இறக்கையைக் கவ்வி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, கூண்டுக்குள் நீட்டுவதை முதல் வாரம் போய்ப் பார்த்தேன்.

"என்னடி, வெடிகுண்டா வெக்கிற?"

"வாய மூடு வின்னி. அது என்னப் பாக்குது."

"எது, இறக்கையா? அதுக்குத் தலையே இல்லையேடி."

"தலை இல்லாமலே பாக்கும். பதினோரு வருசம் பாத்துச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இடுக்கியைக் கழுவி, மறுபடி கழுவி, வெந்நீர் ஊற்றி மூன்றாவது தடவையும் கழுவினாள்.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஜாஸ் கூப்பிடுவான். பத்து நிமிடம் ஆனால் தொலைபேசி தானாகக் கட்டாகிவிடும். ஐந்து மணியிலிருந்தே தெல்மா கூடத்துக்கும் வாசலுக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பாள். உள்ளே எப்படி இருக்கிறது என்று அவன் சொல்ல மாட்டான். இவளும் கேட்க மாட்டாள். ஆகவே பத்து நிமிடமும் பிப்பாதான்.

"சாப்பிட்டாளாம்மா?"

"தட்டு காலிடா."

"ஆய் எப்படிப் போறா?"

"எல்லாரும் போற மாதிரிதான் போறா."

"அம்மா, வெளையாடாத. வெள்ளையா பொடியா இருந்தா எலும்பு ஜாஸ்தின்னு அர்த்தம். கருப்பா தார் மாதிரி இருந்தா உடனே சொல்லு."

தெல்மா அதைப் பார்த்து வேறு வைக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை என்று என்னிடம் புலம்பினாள்.

அவள் ஏன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். நாலு வருடத்துக்கு முன் முதல் தடவை உள்ளே போய்த் திரும்பியபோது, ஜாஸ் மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் நாலு மாதம் எழுந்திருக்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். தெல்மா அழுதாள், கத்தினாள், கதவடியில் தட்டு வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவன் சிநேகிதன் ஒருத்தன் செருப்பு டப்பாவில் பிப்பாவைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அந்தக் குட்டி காலை ஆறு மணிக்குப் பசியில் கூண்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கும். மூன்றாம் நாள் ஜாஸ் எழுந்து வந்தான். அதற்குச் சோறு போடத்தான் எழுந்தான், வேறு எதற்கும் இல்லை. "அவ இல்லன்னா இவன் மறுபடி அந்தச் சொவத்தப் பாத்துப் படுத்துருவான்டி. அப்புறம் எழுப்ப என்கிட்ட ஒண்ணும் கிடையாது" என்று தெல்மா சொல்வாள். சொல்லும்போது பயத்தில் அவள் உதடு வெளுத்துப்போகும்.

அவ்வளவு தெரிந்தும் ஜூன் தொடக்கத்தில் அந்தத் தப்பைச் செய்தாள். வெயில் வந்துவிட்டது, வாடை தூக்கியது, ஒரு காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டுக் கடைக்குப் போய் ஃபெரட் தீனிப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தாள். பழுப்பு உருண்டைகள். வாடை இல்லை, எலும்பு இல்லை, எதுவும் யாரையும் பார்க்காது. தட்டும் தினமும் காலியானது. ஜாஸிடம் இறக்கை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்தாவது நாள் கூண்டைச் சுத்தம் செய்யும்போது, அவை தூங்கும் பெட்டியின் துணியை உதறினாள். அடியில் ஒரு குவியல் உருண்டை, ஊறி உப்பிப் பூசணம் பூத்து. மேஜர் தன் பங்கைத் தின்றிருக்கிறான். பிப்பா தன் பங்கைத் தூக்கிப்போய் ஒளித்து வைத்திருக்கிறாள். ஏதோ நக்கியிருப்பாள், அவ்வளவுதான். தெல்மா அவளைக் கையில் எடுத்தாள். முதுகெலும்பு சீப்புப் பல் மாதிரி தட்டுப்பட்டது.

"வின்னீ!" என்று அவள் போட்ட கூச்சலில் நான் ஒரு கால் செருப்போடு ஓடினேன். பிப்பாவைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து மிருக வைத்தியரிடம் போனோம். பஸ்ஸிலும் தெல்மா உட்காரவில்லை.

வைத்தியர் சின்ன வயசுப் பெண். வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "ஒடம்புல ஒரு கோளாறும் இல்லம்மா. இது பட்டினி."

"பத்து நாளா தட்டு நெறயத் தீனி வெச்சேனே!"

"அது தீனின்னு இவளுக்குத் தெரியாதே. குட்டியில எந்த வாசனை மூக்குல ஏறுச்சோ அதுதான் இவளுக்குச் சாப்பாடு. ஒரு தட்டு சட்டைப் பொத்தான உங்க முன்னாடி வெச்சா சாப்பிடுவீங்களா? பழையபடி பச்சைக் கறியே குடுங்க. ஆனா எலும்பக் கடிக்கிற தெம்பு இப்ப இல்ல. கையாலதான் ஊட்டணும். இன்னைக்கே."

ஊசி ஒன்று போட்டு அனுப்பினாள். அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"பிப்பா எப்படிம்மா?"

தெல்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதில் எனக்கு என்ன வேலை?

"எடை எறங்கிருச்சுடா. ஐநூத்தி முப்பது கிராம்."

"என்னது? எழுநூறு இருந்தாளே!"

"நான் அவளுக்கு எறக்கை போடல. பாக்கெட் தீனி போட்டேன், பத்து நாளா. உங்கிட்டப் பொய் சொன்னேன். எனக்கு அந்த வாடை தாங்கலடா ஜாஸ்."

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம். இரும்புக் கதவு ஒன்று மூடியது.

"திட்டுடா. எதையாவது சொல்லித் தொலை."

"திட்ட நேரமில்லம்மா. எழுதிக்க."

என் கையில் பேனாவைத் திணித்தாள். இறக்கையை எலும்போடு நசுக்க வேண்டும், கூர்முனை எதுவும் கைக்குத் தட்டுப்படாமல் போகும் வரை. அடுப்பில் காட்டவே கூடாது. கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். ஒரு முட்டையின் மஞ்சள் கரு. கஞ்சிப் பதம். இரண்டு மணிக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சம்.

"ஸ்பூன்லயாடா?"

"ஸ்பூன் வேணாம். உன் வெரல்ல. ஒதட்டுல தடவு, நக்கிப் பாப்பா. உன் வாசனையும் கறி வாசனையும் ஒண்ணா ஏறணும்."

"கடிப்பாளா?"

"கடிப்பா. கைய மட்டும் இழுத்துராத. இழுத்தா அப்புறம் அவ..."

கட்டாகிவிட்டது. இழுத்தால் என்ன ஆகும் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தெல்மா தொலைபேசியை வைத்தாள். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் வரும் வழியில் நான் வாங்கிவந்த இறக்கைகளை எடுத்துப் பலகையில் போட்டாள். கத்தியைக் கையில் எடுத்தாள். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் நான் பார்த்திராத தெல்மாவை அன்று பார்த்தேன். முகம் வெளிறிக்கொண்டிருந்தது, ஆனால் கை அவளுடையதே இல்லை போலிருந்தது. மூட்டு எங்கே என்று தேடவில்லை. கத்தி தானாகப் போய் நின்றது. நாலு இறக்கை, நான் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. அவற்றைத் துணியில் சுற்றிப் பின்வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். அடித்துவிட்டு ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி அடித்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அடுத்த அடி எனக்குத்தான் விழும் என்று அடக்கிக்கொண்டேன்.

பிப்பாவின் பிடரியைப் பிடித்து உதட்டில் கஞ்சியைத் தடவினாள். பிப்பா தலையை உதறினாள். மறுபடி தடவினாள். பிப்பா அவள் சுட்டுவிரலை நகத்தடி வரை கடித்தாள்.

"இழுக்காதடி!" என்று கத்தினேன்.

"இழுக்கலடி, நீ கத்தாத!"

ரத்தமும் முட்டையும் கறியும் ஒன்றாக வழிந்தன. பத்து நாளில் அந்தப் பிராணி மனசார வாயில் வைத்த முதல் ஆகாரம் தெல்மாதான். கடித்த இடத்தை நக்கினாள். நக்கியவள் நிறுத்தவில்லை.

அடுத்த ஐந்து வாரம் தெல்மாவின் பத்து விரலிலும் பிளாஸ்திரி. இடுக்கி எங்கோ போய்விட்டது. ஐநூற்று எழுபது, அறுநூற்றுப் பத்து என்று செவ்வாயும் வெள்ளியும் ஜாஸுக்கு எடை சொன்னாள். பிப்பா கடைசியில் எலும்பைத் தானே நொறுக்க ஆரம்பித்தாள். தெல்மா மட்டும் இன்னும் சீஸ் ரொட்டிதான் தின்கிறாள், அதில் மாற்றமில்லை. ஆனால் காலை ஆறு மணிக்குக் கம்பி குலுங்குவதற்கு முன்னாலேயே அவள் கத்தி பலகையில் பேசுவது எனக்குக் கேட்கும்.

ஜூலை நடுவில் ஒரு வியாழக்கிழமை ஜாஸ் வந்தான். இளைத்துப்போயிருந்தான். ஸ்காட்லாந்து எப்படி என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு "காத்து அதிகம்" என்றான். பிப்பா அவன் கழுத்தை முகர்ந்து அறை முழுக்கப் பக்கவாட்டில் துள்ளிக் கும்மாளம் போட்டாள். அவன் அவள் முதுகைத் தடவினான், நல்லா இருக்கா என்றான், மாடிக்குப் போனான். தெல்மா தேநீர் கொண்டுபோனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் படுத்திருந்தான், சுவரைப் பார்த்து.

அவள் வந்து முற்றத்தில் என் முன்னால் நின்றாள். நடக்கவில்லை, நின்றாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில நான் எழுந்திரிக்கப் போறதில்ல வின்னி."

"நீயா? படுத்திருப்பியா? உன்னால முடியாதுடி."

"முடியாதுதான். ஆனா அவளுக்குச் சோறு போட நான் இருக்கேன்னு தெரிஞ்சா அவன் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

மறுநாள் ஐந்தரைக்கே எனக்கு விழிப்பு. ஆறு மணிக்குக் கம்பி குலுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் தெல்மா இருக்கிறாள், விழித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரு சத்தமும் இல்லை. ஆறேகால். மேஜரும் சேர்ந்துகொண்டான். ஆறரை. கூண்டு கவிழ்ந்துவிடும் போலிருந்தது. எனக்கே தாங்கவில்லை, எழுந்தேன், உட்கார்ந்தேன், நானே போய்ப் போட்டுவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆறு நாற்பதுக்கு ஜாஸின் கட்டில் கிரீச்சிட்டது. ரொம்ப நேரம் வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு படியில் காலடி. "இருடி, இருடி, வர்றேன்ல" என்றது அவன் குரல். ஃபிரிட்ஜ் திறந்து மூடியது.

"அம்மா! கறிப் பலகை எங்க வெச்ச?"

பதில் இல்லை.

"அம்மா!"

தலையணை உறையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்ததாக அன்று மத்தியானம் என்னிடம் சொன்னாள். கீழே ஜாஸ் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பலகையைத் தேடிக்கொண்டிருந்தான்.