நேசமலரின் வலது காது

கேட்பதே தொழிலாகிவிட்ட ஒருவர் எப்போது நிம்மதியாகத் தூங்கலாம்? நேசமலர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்கு அதற்கு ஒரே விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அரிக்கன் லாம்பின் திரியை இறக்கி யன்னல் ஓரத்தில் வைப்பார். கறுப்புப் பையைத் திறந்து கத்தரிக்கோல், நூல், மருந்துப் போத்தல் மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடி, கதவருகே ஆணியில் மாட்டுவார். செருப்பிரண்டையும் வாசலைப் பார்த்தபடி திருப்பி விடுவார். பிறகு கட்டிலில் இடப்பக்கமாகச் சரிந்து, இடது காதைத் தலையணைக்குக் கொடுத்து, வலது காதை யன்னலுக்குக் கொடுத்துக் கண்ணை மூடுவார். விடியும்வரை புரளமாட்டார்.

உடையார்கட்டுக் குளத்தின் கீழே காணி பெற்றுக் குடியேறிய குடும்பங்களுக்கு அவர் அரசாங்க மருத்துவிச்சி. ஐம்பத்திரண்டாம் ஆண்டு, காடு வெட்டிய அடிக்கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு தகரப் பெட்டியோடும் பெண்கள் ஓட்டும் சைக்கிளோடும் லொறியிலிருந்து இறங்கினார். அப்போது வயது முப்பத்து நான்கு. மெலிந்த உடம்பு, நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். பெயர்கள் அவர் மனதில் தங்குவதில்லை. பிள்ளைகளை அவர்கள் பிறந்த விதத்தைக் கொண்டே அடையாளம் வைத்திருக்கிறார். "எடி மாட்டுவண்டில், மூக்கைத் துடை" என்று கடை வாசலில் ஒரு சிறுமியை அதட்டுவார். வண்டிலிலேயே பிறந்துவிட்டவள் அவள். "கால்முந்தி", "மழைக்காரன்", "விடியப்புறம்" என்று இன்னும் பலர் உண்டு. தாய்மார் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது சிலர் தாங்களே அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

இரக்கமுள்ளவர் என்று அவரைச் சொல்வதற்குச் சற்று யோசிக்க வேண்டும். வலியில் துடிக்கும் பெண்களிடம், "கத்தினது காணும், இனி வேலையைப் பார்" என்பார். வெற்றிலை எச்சில் துப்பும் மாமியாரை அறைக்கு வெளியே தள்ளுவார். ஆனால் அவருடைய கை வாயோடு சேர்ந்து கோபிப்பதில்லை என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "ஒருத்தரும் கூப்பிடேல்லை. கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. ஒன்பது வயதில் சீழ் வடிந்து அவருடைய இடது காது அவிந்துபோயிற்று. இருப்பது ஒரு காதுதான். மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் யாருக்கும் சொன்னதில்லை. உடையார்கட்டுக்கு வந்த முதல் மாரியில், ஒரு மழை இரவு, அவர் வலப்பக்கம் புரண்டு படுத்துவிட்டார். வேலிப் படலையில் நின்று ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லாததால் மருத்துவிச்சி வேறெங்கோ போய்விட்டார் என்று நினைத்துத் திரும்பிப்போனார். மறுநாள் நேசமலர் அந்த வீட்டுக்குப் போனபோது தாய் உயிரோடிருந்தாள். பிள்ளை இல்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுவே அவருக்குத் தாங்க முடியாமல் போயிற்று. அதன்பிறகு ஒன்பது ஆண்டுகள் அவர் இடப்பக்கம்தான் படுத்தார்.

அறுபதாம் ஆண்டில் பக்கத்து வளவுக்கு யோகலிங்கம் வந்தார். நெல்லோடு மிளகாயும் செய்கிற, உரக்கச் சிரிக்கிற மனிதர். மனைவி இலட்சுமி அவரைவிட உரக்கச் சிரிப்பாள். வந்த ஆறாம் மாதம் தம் வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு, அதை இளங்கதிர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு விட்டுக்கொடுத்தார். தாமே அதன் தலைவரும் ஆனார். கொட்டிலுக்கும் நேசமலரின் யன்னலுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான்.

வயலில் பன்றி கலைக்க அடிக்கும் மண்ணெண்ணெய்த் தகரங்கள் இனி வெற்றிக்கும் அடிக்கப்பட்டன. கழகம் முதல் முறை வென்ற இரவு, பதினொரு மணிக்கு, நேசமலர் வேலியடிக்குப் போனார்.

"தம்பி யோகலிங்கம், உங்கட கழகம் எத்தினை மணிக்குப் படுக்கும்?"

"வெண்ட நாளில கொஞ்சம் பிந்தும் அக்கா."

"தோத்த நாளில?"

யோகலிங்கம் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "தோத்தா இன்னும் பிந்தும். மத்தியஸ்தரை ஏசி முடிக்க வேணுமெல்லோ."

"அப்ப சமனா முடிக்கப் பாருங்கோ."

அவர்கள் சிரித்தார்கள், அரைமணி நேரம் தணிந்து பேசினார்கள், பிறகு மறந்துபோனார்கள். நேசமலர் காரணம் சொல்லியிருக்கலாம். சொன்னால் காதைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். ஆகையால், நித்திரைக்காகச் சண்டை பிடிக்கிற சிடுமூஞ்சி என்ற பெயரை வாங்கிக்கொண்டு திரும்பினார். அன்று தொடங்கி அவர் உதைபந்தாட்டச் செய்திகளில் அக்கறை காட்டலானார். எதிரே வருகிற ஆட்டக்காரரை மறித்து, "இண்டைக்கு ஆரோட?" என்பார். "அவங்கள் எப்பிடி, நல்லா அடிப்பாங்களோ?" என்பார். மருத்துவிச்சி அம்மாவுக்கும் பந்தடியில் பைத்தியம் என்று ஊரில் கதை பரவியது. அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் சமநிலைக்குத்தான்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம் புதுக்குடியிருப்பில் நடந்தது. சனிக்கிழமை பெய்த மழையால் புதன்கிழமைக்குத் தள்ளிப்போட்டிருந்தார்கள். இளங்கதிர் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. மறுநாள் வேலை நாள் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள், ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இரவு ஒன்பதுக்குக் கிண்ணத்தோடு லொறி வந்து நின்றது. பெற்றோமாக்ஸ் ஏற்றினார்கள். ஆட்டிறைச்சி அடுப்பில் ஏறியது.

வெற்றி தந்த கோலைப் பார்க்காதவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக வர வர, அந்தக் கோலை முற்றத்தில் மறுபடி அடித்துக் காட்டினார்கள். ஒருவர் பந்தைக் கடத்துவார், ஒருவர் விழுவார், யோகலிங்கம் தலையால் முட்டுவார், நாற்பது தொண்டைகளும் நான்கு தகரங்களும் சேர்ந்து முழங்கும். அந்த ஒரு கோல் அன்றிரவு எத்தனை தடவை அடிக்கப்பட்டது என்று நேசமலர் எண்ணிக்கொண்டு கிடந்தார். முழக்கம் வரும்போது பல்லைக் கடிப்பார். அது அடங்கி அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கிற சின்ன இடைவெளியில் மூச்சை அடக்கித் தெருவைக் கேட்பார். முந்திய இரவும் ஒரு பிரசவத்தில் கழிந்திருந்தது. பதினான்காவது கோலுக்குப் பிறகு, எண்ணிக்கொண்டிருக்கும்போதே, கண் மூடிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வீரகத்தி படலைக்கு வந்து நின்றார். குளத்தின் மறுகரையில் அண்மையில் குடியேறியவர், மனைவிக்குத் தலைப்பிரசவம், ஒன்றரை மைல் ஓடி வந்ததில் குரல் கட்டியிருந்தது. "மருத்துவிச்சி அம்மா" என்று மூன்று தடவை கூப்பிட்டார். பக்கத்து வளவில் பதினைந்தாவது கோல் விழுந்தது. அம்மா வேறெங்கோ போய்விட்டார் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு அவர் திரும்பினார்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் கொண்டாடவில்லை. அவர் பாலன், உழவு மெசின் ஓட்டுகிறவர், இளங்கதிரின் கோல் காப்பாளர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அடித்த இரண்டு கோல்களும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தாம் விட்ட ஒன்றுதான் தலைக்குள் உருண்டுகொண்டிருந்தது. வெளிச்சத்தை விட்டு விலகி, தெருவோர வேலியடியில் குந்தியிருந்தார். அந்த மூன்றாவது கூப்பாடு அவருக்குக் கேட்டது. ஓடிப்போய் வீரகத்தியை மறித்துப் படலையடியில் நிறுத்திவிட்டு, கொட்டிலில் சத்தத்தை அடக்கினார்.

நேசமலரை எழுப்பியது அமைதி. சத்தம் சட்டென்று நின்றதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். கை பைக்குப் போய்விட்டது. அதற்குள் யன்னலில் பாலனின் தலை.

"அக்கா, குளத்துக்கு அங்கால ஒரு பிள்ளைப்பெறு. ஆள் படலையில நிக்கிறார்."

"எவ்வளவு நேரமா நிக்கிறார்?"

பாலன் பொய் சொல்ல நினைத்தது முகத்தில் தெரிந்தது. "மூண்டு தரம் கூப்பிட்டவராம்."

நேசமலர் பையோடு போய்ச் சைக்கிளை எடுத்தார். குளக்கட்டில் மாலையில் யானை நின்றதாகச் சொன்னார்கள். ஆகவே கழகம் முழுவதும் புறப்பட்டது. முன்னால் ஒருவர் பெற்றோமாக்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார், பின்னால் நேசமலரின் சைக்கிள், சுற்றிலும் வேறு சைக்கிள்கள், கடைசியில் தகரங்கள். இரவெல்லாம் அவர் சபித்த அதே தகரங்கள் யானையை விலகச் சொல்லிக்கொண்டு வந்தன. பாலன் அவருக்கு இடப்பக்கமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு, "ரோச்சை நான் பிடிக்கட்டோ அக்கா?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தார். குளக்கட்டில் கிடந்த ஒரு பள்ளத்துக்கு விலகி வலப்பக்கம் வந்தபோது, ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன முணுமுணுக்கிறாய்? ரோச்சைப் பிடி" என்றார் நேசமலர்.

பாலன் ரோச் வெளிச்சத்தைப் பாதையில் பிடித்தார். மீதி வழி முழுவதும் வலப்பக்கமாகவே மிதித்தார்.

விடிவதற்கு முன் பெண்பிள்ளை பிறந்தது. கொடி கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. இன்னும் கால்மணி பிந்தியிருந்தால் கதை வேறு. வெளியே மண்ணில் வரிசையாகக் குந்தியிருந்த ஆட்டக்காரர்கள் குழந்தை அழுததும் வழக்கப்படி கத்த வாயைத் திறந்தார்கள். யோகலிங்கம் கையை உயர்த்தி அடக்கினார். அந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் அருந்ததி என்று பெயர் வைத்தார்கள். நேசமலருக்கு அவள் "ரெண்டுக்கு ஒண்டு."

மறுநாள் மாலை யோகலிங்கமும் இலட்சுமியும் ஒரு சட்டி இறைச்சிக் கறியோடு வந்தார்கள். இலட்சுமி அன்று சிரிக்கவில்லை.

"இனி இங்க ஒரு கொண்டாட்டமும் இல்லை அக்கா" என்றார் யோகலிங்கம். "கொட்டிலைப் பிடுங்கிறதெண்டு முடிவு."

"பிடுங்கிப்போட்டு?"

"சத்தம் இருக்காது."

"யானை நிண்டா உங்கட வாயாலயோ தகரம் அடிப்பியள்?" நேசமலர் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "உப்புக் கூட. கொட்டில் நிக்கட்டும். ராத்திரிக் கூப்பாடு ஆருக்குக் கேட்டது, அந்தக் கோல்காரனுக்கோ?"

"ஓம். பாலனுக்கு."

"அவனை ஒருக்கா வரச் சொல்லுங்கோ."

பாலன் வந்து, சுற்றிப்போய் அவருடைய வலப்பக்கம் நின்றார். நேசமலர் அதைக் கவனித்தார்.

"நல்ல காது உனக்கு" என்றார்.

"காது நல்லம் அக்கா. பந்துதான் கைக்குள்ள நிக்குதில்லை. வருமோ வராதோ எண்டு முழிச்சுக்கொண்டு நிக்கிறதுதானே என்ர வேலையும்."

"உனக்குத் தொண்ணூறு நிமிசம்."

"ஓம். உங்களுக்கு விடியுமட்டும்." பிறகு தாழ்ந்த குரலில், "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

கேட்காதது போல இருந்துவிட நேசமலருக்கு வசதியான ஒரு காது உண்டு. ஆனால் பாலன் நின்றது மற்றப் பக்கம்.

அதன்பிறகு நடந்ததை யாரும் ஒழுங்கு செய்ததாகத் தெரியவில்லை. கழகம் வென்ற நாட்களில் நேசமலரின் படலையருகே ஒரு கதிரை வந்து சேரும். அதில் பாலன் இருப்பார். அவருக்கு வேலை இருந்தால் இன்னொருவர். மடியில் ஒரு தகரம். தெருவில் ஆள் அரவம் கேட்டால் அதை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கொட்டிலில் சத்தம் உடனே நிற்க வேண்டும். இரண்டு முறை தட்டியிருக்கிறார்கள். ஒன்று உண்மையான கூப்பாடு. மற்றது வழி தவறி வந்த எருமை. எருமைக்கும் கழகம் கட்டுப்பாட்டோடு அமைதி காத்தது.

அப்படியிருந்தும் நேசமலர் தம் வழக்கத்தை மாற்றவில்லை. கதிரையைப் பார்த்துவிட்டு, "நித்திரை கொண்டியளெண்டா தகரத்தால தலையில தருவன்" என்று சொல்லிப்போட்டு, போய் இடப்பக்கம் படுப்பார். மற்றவர்கள் காவல் இருக்கலாம். கேட்க வேண்டியது தாம்தான் என்பதில் அவர் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்கவில்லை. அது கடமையா, பிடிவாதமா, அந்த முதல் மாரிக்கு அவர் கட்டுகிற தண்டமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தப் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முள்ளியவளைக் கழகத்தோடு ஆடிய ஆட்டம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். பாலன் ஒரு தண்ட உதையைத் தடுத்திருந்தார். அன்று முற்றத்தில் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டப்பட்டது கோல் அல்ல, அந்தத் தடுப்பு. வேறு யாரோ பாலனாக நடித்தார்கள். உண்மையான பாலன் தெருவில், கதிரையில், தகரத்தோடு இருந்தார்.

நேசமலர் யன்னலால் அவரைப் பார்த்தார். அவர் கொட்டிலின் பக்கம் திரும்பவேயில்லை. தெருவைப் பார்த்தபடி இருந்தார். நேசமலர் லாம்பின் திரியை இறக்கினார். பையைத் திறந்து மூன்றையும் தொட்டுப் பார்த்து ஆணியில் மாட்டினார். செருப்பிரண்டையும் வாசலுக்குத் திருப்பி வைத்தார். இடப்பக்கமாகச் சரிந்து படுத்தார். வேலிக்கு அப்பால் அந்தப் பந்து இரண்டாம் முறையும் தடுக்கப்பட்டது. நாற்பது பேர் முழங்கினார்கள். நேசமலர் மெல்ல மறுபக்கம் புரண்டு, வலது காதைத் தலையணையில் வைத்து அழுத்திக்கொண்டார்.